கிடங்கு திறந்திருக்கிறதா?

டென்மார்க்கின் அந்தச் சிறு நகரத்தில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற தோர்கிலுக்கு நகராட்சியிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. பழைய சாமான் கிடங்கு இப்போது திறந்திருக்கிறதா?

மனைவி போன பிறகு கிடங்குதான் அவருக்கு ஊர். உடைந்த விளக்கு ஒன்றைப் போடப் போவார். உடைந்த நாற்காலி இரண்டோடு திரும்புவார். நடுவில் நாலு பேரோடு அரட்டை.

மகள் ரிக்கெ வேலை பார்ப்பது நகராட்சியின் இணையதளப் பிரிவில். வியாழன்தோறும் அவளுக்கு ஃபோன் வரும்.

"திறந்திருக்கா?"

"தளத்துல பாருங்கப்பா. எங்க டீம் பண்ணதுதான்."

"பார்த்தேன். மேயர் சிரிக்கிறாரு. ஊரோட எதிர்காலக் கனவு ஓடுது. கிடங்கைத்தான் காணோம்."

"'பசுமை வாழ்வு'ன்னு இருக்கும். அதுக்குள்ள 'சுழற்சி'யை அழுத்துங்க."

"உடைஞ்ச நாற்காலியத் தூக்கிப் போடப் போறேன்மா. வாழ்வையெல்லாம் போடல."

ரிக்கெயின் குழு பயனாளர்களை மதிக்கும் குழு. அதற்காகவே, தளத்தைப் பயன்படுத்துபவருக்கு மாதிரியாக, கிர்ஸ்டன் என்ற மூதாட்டியைக் கற்பனை செய்து, விலைக்கு வாங்கிய ஒரு படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கிர்ஸ்டனுக்குத் தளத்தில் உலாவப் பிடிக்கும். மேயரைப் பிடிக்கும். எதையும் தேட மாட்டாள். வருடா வருடம் அவள் பிறந்தநாளுக்கு அலுவலகத்தில் அடுக்கு கேக், மேசையில் குட்டிக் கம்பத்தில் தேசியக் கொடி, பாட்டு. நிஜ மனிதர்களைக் கூப்பிட்டுப் பேசினால் குழப்பிவிடுவார்கள் என்பது மேலாளர் மோர்டனின் கொள்கை.

வசந்தத்தில் தோர்கில் இறந்தார். குழு பூங்கொத்து அனுப்பியது.

வீட்டைக் காலி செய்த அன்று, அப்பாவின் நாற்காலிகளைக் காரின் பின்னால் மாட்டிய இழுவண்டியில் ஏற்றிவிட்டு ரிக்கெ ஃபோனில் தளத்தைத் திறந்தாள். மேயர் சிரித்தார். 'பசுமை வாழ்வு'. 'சுழற்சி'. 'எங்கள் தளம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?' என்றொரு பெட்டி குறுக்கே வந்தது. யாரையாவது கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால், அப்பா கூப்பிடும் ஆள் அவளேதான். கிடங்குக்கே ஓட்டிப் போனாள். கதவு பூட்டியிருந்தது.

மறுநாள் கூட்டத்தில் முகப்புப் பக்கத்தின் புது வரைவை வைத்தாள். மேயர் இல்லை. உச்சியில், நேரத்துக்கேற்பத் தானே மாறும் ஒரே வரி: கிடங்கு இப்போது மூடியிருக்கிறது.

மோர்டன் நெற்றியைச் சுருக்கினான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கிர்ஸ்டன் இதைக் கேட்டாங்களா?"

"கிர்ஸ்டன் செத்துட்டாங்க."



"எப்போ?" என்றான் மோர்டன்.

"வசந்தத்துல. கடைசி வரைக்கும் கிடங்கு திறந்திருக்கான்னு கேட்டுட்டே இருந்தாங்க. யாரும் சொல்லல."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மோர்டன் எழுந்துபோய், அலமாரியில் இருந்த குட்டிக் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கினான். ரிக்கெயின் அப்பாவுக்கு யாரும் அதைச் செய்திருக்கவில்லை. வரி ஒப்புதலாகிவிட்டது.

வியாழனன்று அவள் தளத்தைத் திறந்தாள். கிடங்கு இப்போது திறந்திருக்கிறது. இனி இதற்காக யாரும் மகளைக் கூப்பிட வேண்டியதில்லை.

ஃபோனைச் சிறிது நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு போனாள்.

திரும்பும்போது வண்டியில் நாற்காலிகள் இல்லை. கால் உடைந்த மேசை ஒன்று இருந்தது.