வாசிக்காமல் வைத்த கையெழுத்து

என் அக்காவின் கணவர் யஹ்யா கலேவெலயில் தையற்கடை வைத்திருந்தார். அவர் சிங்களம் பேசினால் கண்டிக்காரர்களும் வாயடைத்துப் போவார்கள். ஆனால் அதில் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. ஓதற்பள்ளியில் அரபும் கொஞ்சம் தமிழும் கற்றதோடு படிப்பு முடிந்துவிட்டது. தேநீர்க் கடையில் யாராவது சிங்களப் பத்திரிகையை உரக்க வாசித்தால் கேட்டு வைத்துக்கொண்டு, பிறகு அதே செய்தியை வைத்து ஊரோடு வாதாடுவார். அதனால் அவருக்கு வாசிக்கத் தெரியாதென்று ஒருவரும் நினைக்கவில்லை. அவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. அந்த வீண் வெட்கத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும்.

எழுபத்தொன்றில் இளைஞர்கள் அரசுக்கெதிராகக் கிளம்பினார்களே, அந்தக் காலம். கிளர்ச்சிக்காரர் நீல உடுப்புப் போடுகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் நான் என் நீலச் சட்டையை அடுப்பில் போட்டேன். மச்சானிடமோ, விமலதாச என்றொரு இளைஞன் வொலிபோல் குழுவுக்கென்று ஆறு நீலக் காற்சட்டைகள் தைப்பித்துக்கொண்டு போயிருந்தான். அவனைப் பிடித்த மறுநாள் பொலிசார் மச்சானையும் கூப்பிட்டார்கள்.

மச்சான் உள்ளதைத்தான் சொன்னார். சார்ஜன் அதைச் சிங்களத்தில் எழுதி முடித்து, வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைக்கச் சொல்லித் தாளை நீட்டினார். மச்சான் தலையை ஆட்டி ஆட்டி மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கையெழுத்தும் வைத்தார்.

அதில் என்ன எழுதியிருந்தது என்பதை விமலதாசவின் வக்கீல் நல்லையா மாத்தளையிலிருந்து வந்து சொன்னபோதுதான் அறிந்தோம். ‘இது எங்கள் படைக்கு உடுப்பு என்று விமலதாச என்னிடம் சொன்னான்.’

“நீங்க கோட்டுக்கு வந்து உண்மையச் சொன்னா அவன் தப்பிச்சிருவான்,” என்றார் நல்லையா. “ஆனா ஒன்னு. இப்ப அவசரகாலச் சட்டம். பொலிசுக்குக் கோபம் வந்தா வழக்கே இல்லாம உங்கள உள்ள வெச்சிருவாங்க. என்னால உடனே எடுக்க முடியாது.”

அக்கா மஸீஹா அழுதாள். “பேசாம இருங்க. மூணு பொம்புளப் புள்ளைகள் இரிக்கி.” நானும் அதையேதான் சொன்னேன், இன்னும் கடுமையாக. அந்த வாரம் மச்சானுக்குச் சோறு இறங்கவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவார்.

“எனக்கும் பயந்தான் மர்சூக்,” என்றார். “ஆனா என்ட கையெழுத்தால தானே அவன் உள்ள கெடக்கிறான்.”

போனார். கோட்டில் பொலிஸ் தரப்பில் வழக்காடியவர் தாளை அவர் கையில் கொடுத்து, இவ்வளவு அழகாகப் பேசுகிறவர் இதை வாசித்துக் காட்டட்டும் என்றார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். வாசிக்கத் தெரியாது, சொல்ல வெட்கப்பட்டுக் கையெழுத்து வைத்தேன் என்று அழகான சிங்களத்தில் சொன்னார். சிலர் சிரித்தார்கள்.

நீதவான் அந்த வாக்குமூலத்தை ஏற்கவில்லை. விமலதாச வெளியே வந்தான். மூன்றாம் நாள் ஜீப் வந்து மச்சானை ஏற்றிக்கொண்டு போனது. குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, நான்கு மாதம் தடுப்புக்காவல். நல்லையா கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். பார்க்கப் போகிறவர்களின் பெயரையும் விலாசத்தையும் வாசலில் பதிந்துகொள்வார்கள். அக்கா மட்டும் போய் வந்தாள்.

விடுதலையான பிறகு ஒருநாள் மச்சானும் நானும் கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தோம். எதிரே வந்த விமலதாச எங்களைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு மறுபக்கம் போய்விட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நன்றி கெட்டவன். இவனுக்காகத்தானே நாலு மாசம் கெடந்தீங்க. ஒரு வார்த்த பேச ஏலாதா இவனுக்கு?”

மச்சான் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் குரலில் கோபமே இல்லை.

“அவனுக்கு ஏசாத மர்சூக். பயத்துல போறான். நீயும் ஒருநாளும் என்னப் பாக்க வரல்ல தானே.”