இறக்கையில் பதினொரு ஓட்டை

விமான விபத்து விசாரணையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு குடோனில் தும்மிக்கொண்டு நிற்பது. எழுபதுகளின் கடைசி. பயிற்சி விமானம் ஒன்று பறக்கும்போதே இடது இறக்கை ஒடிந்து காயலில் விழுந்திருந்தது. ஓட்டியவர் அனுபவசாலி. அவர் பிழைக்கவில்லை. உடைந்த பாகங்களை வள்ளத்தில் ஏற்றி ஜெட்டிக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் காலியாகக் கிடந்த குடோனில் இறக்கிவைத்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தது மறுநாள்.

என் மேலதிகாரி குரியன் சார் தரையில் விமானத்தின் உருவத்தைச் சாக்பீஸால் அசல் அளவில் வரைந்திருந்தார். ஒவ்வொரு துண்டும் அதனதன் இடத்தில் கிடந்தது. இடது இறக்கையை என்னிடம் ஒப்படைத்தார்.

"முதல்ல பாரு. பின்னே எழுது. யோசனையெல்லாம் அதுக்கப்புறம் போதும்" என்றார்.

நான் யோசனையில்தான் ஆரம்பித்தேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. படித்தது எல்லாம் தலையில் குதித்துக்கொண்டிருந்தது.

ஓட்டைகள்

இறக்கையின் அடிப்பக்கத் தகட்டில் பதினொரு ஓட்டைகள் இருந்தன. விரல் பருமன். ஓரங்கள் எல்லாம் உள்நோக்கி மடிந்திருந்தன. உள்ளே இருந்து ஏதாவது பிய்த்துக்கொண்டு வந்திருந்தால் ஓரம் வெளியே மடிந்திருக்கும். அப்படியானால் வெளியிலிருந்து ஏதோ குத்தியிருக்கிறது. எது? பறவை மோதினால் தகடு குழியும், இப்படித் துளை விழாது. புரொப்பெல்லர் உடைந்து தெறித்ததா என்று பார்த்தால், அது வளைந்திருந்ததே தவிர முழுசாக இருந்தது. துப்பாக்கிக் குண்டோ என்றுகூட ஒரு மத்தியானம் முழுக்க நினைத்தேன். ஸ்கேல் வைத்து அளந்தேன், படம் வரைந்தேன், போட்டோ எடுக்கச் சொன்னேன். ஒன்றும் விளங்கவில்லை.

வலது இறக்கை தண்ணீரில் மோதித்தான் உடைந்தது. அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. அதிலும் இதே மாதிரி நாலு ஓட்டை. அப்போதே என் புத்திக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ அதற்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கி, தலைப்புப் போட்டு எழுதினேன்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. காரணம் மணியண்ணன். விபத்துக்கு ஒரு வாரம் முன்னால் அந்த விமானத்தைச் சோதித்து, இறக்கை சரி என்று கையெழுத்துப் போட்ட மெக்கானிக் அவர். சுள்ளிக்கல்காரர். பள்ளுருத்தியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலுக்குக் குடும்பத்தோடு வருவார். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, விசாரணை முடியட்டும் என்று சொல்லிவிட்டார்கள். மனுஷன் தினமும் காலையில் வந்து குடோனுக்கு எதிரே இருந்த சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். உள்ளே வர அனுமதி இல்லை.

மூன்றாவது நாள் எனக்கு வாய் நிற்கவில்லை. சாயா குடிக்கப் போனவன் சொல்லிவிட்டேன்.

"அண்ணா, வெளியிலேர்ந்து ஏதோ அடிச்சிருக்கு. ஒங்க மேல தப்பில்லே."

"சத்தியமாவா?"

"கண்ணால பார்த்தேன். பதினொரு ஓட்டை."

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு எழுந்து, அக்காவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று வேகமாக நடந்து போனார். அக்கா என்றால் அவர் மனைவி. ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட பெருமையோடு நான் இன்னொரு சாயா சொன்னேன்.

கொக்கி

அந்தச் சாயா வருவதற்குள் பக்கத்துக் குடோனுக்கு லாரி வந்தது. சுமடுகாரர்கள் சுக்கு மூட்டைகளை இறக்க ஆரம்பித்தார்கள். அவர்களில் மூத்தவர் ஹம்ஸிக்கா. கையில் ஒரு இரும்புக் கொக்கி. விரல் பருமன், நுனி கூர். அதை மூட்டையில் சடக்கென்று குத்தி, இழுத்து முதுகில் போட்டுக்கொண்டு நடந்தார். மூட்டையைப் பார்த்தேன். ஓட்டை. ஓரம் உள்நோக்கி மடிந்திருந்தது.

பெஞ்சிலிருந்து எழுந்து அவரிடம் போனேன்.

"இக்கா, அன்னிக்கு வள்ளத்திலேர்ந்து விமானத்தைத் தூக்கினது யாரு?"

"ஞங்ஙள் தன்னே, சாரே. வேற யாரு?"

"எப்படித் தூக்கினீங்க?"

"தகரம் முழுக்க பிளேடு மாதிரியில்லே? தொட்டா கை போகும். அதான் கொக்கி போட்டு எடுத்தோம். ஒரு துண்டு கீழே போடல்லே, கேட்டோ!"

அவர் சொன்னதில் பொய்யே இல்லை. கொக்கி போடாதே என்று அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை. உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தேன். ஓட்டைகள் எல்லாம் ஆள் பிடித்துத் தூக்கும் ஓரங்களில்தான் இருந்தன. மூன்று நாளாக நான் அளந்துகொண்டிருந்தது ஹம்ஸிக்காவின் கைவேலையை.

வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. ஓட்டைகள் போய்விட்டால் மணியண்ணனைக் காப்பாற்ற என்ன இருக்கிறது? சுள்ளிக்கல்லில் இந்நேரம் அந்த அக்கா சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை எழுத இப்போதும் கூசுகிறது. கடைசியில் சாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

குரியன் சார் கத்தவில்லை. "ஓட்டை போச்சு. இனியாவது ஒடிஞ்ச இடத்தைப் பாரு. மூணு நாளா அதை மட்டும் நீ பார்க்கலை" என்றார்.

ஒடிந்த இடம் இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார். அது உடலோடு சேரும் இடத்தில் பலத்துக்காக ஒரு தகடு போட்டு போல்ட் முடுக்கியிருப்பார்கள். அந்தத் தகடு மடங்கி, முறிவை மூடிக்கொண்டு கிடந்தது. சார் முன்னால் நிற்க, போல்ட்டைக் கழற்றித் தகட்டை எடுத்தோம். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முறிவின் பெரும்பகுதி சொரசொரவென்று, பளபளவென்று இருந்தது. போல்ட் துளையை ஒட்டி மட்டும் நகம் அளவுக்கு ஒரு இடம் மங்கலாக, வழவழப்பாக இருந்தது. அதில் மெல்லிய வளைகோடுகள்.

"பளபளப்பு அன்னிக்கு ஒடிஞ்சது. மங்கல் பழைய விரிசல். ஒவ்வொரு தடவை பறக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்திருக்கு" என்றார் சார்.

"வெளியிலேர்ந்து பார்த்தா தெரிஞ்சிருக்குமா, சார்?"

"தகட்டுக்கு அடியில எப்படித் தெரியும்? இறக்கையையே கழற்றணும். அந்த செக்ல கழற்றச் சொல்லவே இல்லையே."

கையெழுத்து

மணியண்ணன் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை சார் அனுமதியோடு போனேன். முதலில் கொக்கியைச் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது. அவசரமாக விரிசலைச் சொன்னேன். அது மறைவில் இருந்தது, யாராலும் பார்த்திருக்க முடியாது, லைசென்ஸ் திரும்பக் கிடைத்துவிடும் என்றேன். சந்தோஷப்படுவார் என்று காத்திருந்தேன்.

அவர் குடோன் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இறக்கை நல்லாயிருக்குன்னு நான் எழுதிக் கொடுத்தேனே. அதை நம்பித்தானே ஓட்டினவர் ஏறினார். அப்போ நான் எதைப் பார்த்து எழுதினேன்?"

அவர் மேல் தப்பில்லை என்று நாங்கள் கொடுத்த ரிப்போர்ட்டில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவர் கேட்டதிலும் பொய் இல்லை.

எண்பதுகளில் ஒருமுறை அவர் வேலை செய்த ஹேங்கருக்குப் பரிசோதனைக்குப் போனேன். லாக் புக்கில் செக்குக்குச் செக் அவர் கையெழுத்து. அதற்கு மேலே ஒவ்வொரு தடவையும் ஒரே வரி: தகட்டுக்கு மேல்பக்கம் மட்டும் பார்த்தது, அடிப்பக்கம் பார்க்கவில்லை. அதைப் படித்துப் படித்துச் சலித்துப்போன மானேஜர் ஒருநாள், "எடுத்துத் தொலையுங்கய்யா" என்று இறக்கையையே கழற்றச் சொல்லிவிட்டாராம்.

"என்ன இருந்தது அண்ணா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லே. ஒரு கீறல்கூட இல்லே. மானேஜர் என்னைத் தின்னாத குறை."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? வீட்டுக்குப் போனேன். அத்தனை வருஷத்தில் அன்னிக்குத்தான் எடோ, நல்லா ஒறங்கினேன்."

அதிலிருந்து என் ரிப்போர்ட்டுகளிலும், எதுவரை பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை என்று கடைசியில் ஒரு வரி எழுதுவது வழக்கமாகிவிட்டது. அதிகாரிகள் சிவப்பு மையில் அடிப்பார்கள். நான் மறுபடி எழுதுவேன்.