புதன்கிழமை வற்றிய கடல்

இன்று காலை எங்கள் பிளாட்டுக்குக் கீழே புல் வெட்ட ஆள் வந்திருந்தார். மெஷினை முதுகில் சுமந்துகொண்டு அவர் ஒரு சுற்று வருவதற்குள், பெட்ரோலும் எண்ணெயும் கலந்து எரிகிற அந்தப் புகை எங்கள் மாடிவரை ஏறிவிட்டது. பக்கத்து வீடுகளில் ஜன்னலைச் சாத்தினார்கள். நான் போய்த் திறந்து வைத்தேன். "புகைய மோந்துகிட்டு நிக்கிற மனுசன இங்கதான் பாக்கறேன்" என்றாள் மனைவி. எங்கள் போட்டின் எஞ்சினும் இதே வாசனையைத்தான் கக்கும் என்பதை அவளுக்கு எத்தனை தடவை சொல்வது?

போட் என்றதும் பெரிதாக எதையாவது நினைத்துக்கொள்ளாதீர்கள். மீன்பிடிக்கப் போவதை விட்டுவிட்ட ஒரு சீனக் கிழவரிடம் வாங்கிய பழைய பைபர் சம்பான் அது. மூன்று பேர் உட்கார்ந்தால் நான்காவது ஆள் தண்ணீரில்தான் வர வேண்டும். எஞ்சினுக்கு மனசு வந்தால் ஐந்தாவது இழுப்பில் கிளம்பும். ஜெலுத்தோங் பக்கம் மீனவர்களின் படகுத்துறையான ஜெட்டி ஒன்றில் கட்டி வைத்திருந்தோம். நான் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆயுள் முழுக்கக் கப்பல்களுக்குக் காகிதம் எழுதியவன், முதல் நாள் சம்பானில் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே சாப்பிட்டதையெல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டேன்.

எஞ்சின் சந்திரனின் பொறுப்பு. பாயான் பாரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்தவன். தண்ணீர் ஏறும் இறங்கும் நேரம் பார்ப்பது மரியதாஸ் வாத்தியாரின் வேலை. கணக்கு வாத்தியார், கடலும் தன்னிடம் படித்த மாதிரிதான் பேசுவார். என் பொறுப்பு நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் வாங்கி வருவதும், உள்ளே சேரும் தண்ணீரை டப்பாவால் மொண்டு ஊற்றுவதும். மூன்றில் என் வேலைதான் முக்கியம் என்று நான் மட்டும் சொல்லிக்கொள்வேன்.

வாத்தியாரின் மனைவி தவறிய பிறகுதான் போட் வாங்கும் யோசனையே வந்தது. வெளிநாட்டில், பெர்த்தில் இருக்கும் மகள் அவரைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவர் வரேன் என்றும் சொல்லவில்லை, வரலை என்றும் சொல்லவில்லை. நானும் சந்திரனும் அந்தப் பேச்சு வந்தாலே மீனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவோம். கேட்டால்தானே பதில் வரும்? அவர் போய்விடுவாரோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம்.

எங்கள் தீவின் பெரிய பாலத்துக்கு இந்தப் பக்கம் நடுக்கடலில் ஒரு மணல்திட்டு உண்டு. தண்ணீர் நன்றாக இறங்கினால்தான் தலைகாட்டும். பௌர்ணமி கழிந்து ஒருநாள் அதன் ஓரமாகப் போனோம். "தண்ணி இறங்கி முடிஞ்சாச்சு. இனி ஏறத்தான் போகுது, போடு நங்கூரத்த" என்றார் வாத்தியார். போட்டோம். பொட்டலத்தைப் பிரித்தோம். நான் நெத்திலியைக் கடித்துக்கொண்டிருக்கும்போது சம்பான் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது.

"அலாமாக்! தரை தட்டிடுச்சுண்ணே!" என்றான் சந்திரன்.

ஏற வேண்டிய கடல் எங்களைச் சுற்றி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. தள்ளிப் பார்த்தோம், மூன்று பேர் இடுப்பும் பிடித்ததுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள்.

"மீன் மாட்டுச்சா?"

"மாட்டினது நாங்கதான்."

"என்னவோ பண்ணுங்க. சாயங்காலத்துக்குள்ள வந்துடுங்க, இன்னிக்கு பாசார் மாலாம்."

எங்கள் பகுதியில் அந்த இரவுச் சந்தை புதன்கிழமைதான் கூடும். நாங்கள் மூவரும் அன்று செவ்வாய் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம்! ஓய்வு பெற்றவனுக்கு எல்லா நாளும் ஞாயிறு. கடலுக்கு அப்படியில்லை, தினமும் முக்கால் மணி நேரம் போலத் தள்ளித்தான் இறங்கும்.

"வாத்தியாரே, நேத்து நேரத்தப் பாத்துட்டு வந்திருக்கீங்க லா!" என்று சந்திரன் கைதட்டிச் சிரித்தான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நானும் சேர்ந்துகொண்டேன். வழக்கமாக அவர் விடமாட்டார், கடல்மேல் பழியைப் போடுவார். அன்று தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மனசு இங்க இல்லடா. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் மககிட்ட சொல்லிட்டேன். வரேன்னு."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"தினம் சொல்லத்தான் வரேன். போட் ஓடினா எஞ்சின் சத்தம். நின்னா நீங்க ரெண்டு பேரும் சாப்பிட ஆரம்பிச்சிடறீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து போய்விட்டேன். எங்கே போவது? மணல்திட்டின் அந்த முனைவரைதான் போக முடிந்தது. அங்கே சிறு படகில் வந்து மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த மலாய்க்கார அக்கா ஒருவர் எங்கள் சம்பானைக் காட்டி, கார் ரிப்பேரா என்று மலாயில் கேட்டார். சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

வாத்தியார் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "பகலுக்கு நீங்க இருக்கீங்கடா. ராத்திரி விளக்க அணைக்கும்போது, படுக்கப் போறேன்னு சொல்லக்கூட வீட்ல ஆள் இல்ல."

மிச்சமிருந்த நாசி லெமாக்கை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். பிறகு சந்திரன் பழைய தொழிற்சாலைக் கதை ஒன்றை எடுத்தான். பலமுறை கேட்ட கதை. இருந்தும் மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். தண்ணீர் வந்தது. சம்பான் நிமிர்ந்தது, அசைந்தது, மிதந்தது. சந்திரன் எஞ்சின் கயிற்றைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் கொஞ்சம் ஏறட்டும்" என்றான்.

ஆள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஏறிய பிறகும் அதையேதான் சொன்னான். நாங்களும் சரி என்றோம்.

வாத்தியார் இப்போது பெர்த்தில் இருக்கிறார். வீடியோவில் பேரப்பிள்ளைகளைக் காட்டுகிறார், கொஞ்சம் சதை போட்டிருக்கிறார், நல்லதுதான். போட்டை விற்றுவிட்டோம். விற்பதற்கு முன் நானும் சந்திரனும் மட்டும் ஒரு தடவை போனோம். கிழமையை இரண்டு பேரிடம் கேட்டுக்கொண்டு, தண்ணீர் நேரத்தை நானே பார்த்தேன். எங்கும் தட்டவில்லை, எஞ்சின்கூட முதல் இழுப்பிலேயே கிளம்பியது. சொன்ன நேரத்துக்குக் கரைக்கு வந்துவிட்டோம்.

சந்திரன் சம்பானைக் கட்டிவிட்டு ஜெட்டியிலேயே உட்கார்ந்தான். "இவ்ளோ சீக்கிரம் வீட்டுக்குப் போய் என்னண்ணே செய்றது?" என்று கேட்டான்.

நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.