கான்ஸ்டன்ஸ் கேட்ட மூன்று ராட்டுகள்

மதார் சாகிபு கல்லாவை விட்டெழுந்து தெருவுக்கே வந்துவிட்டார். "தங்கச்சி, நில்லு! பஸ்ஸு போனா போவட்டும், நில்லு!"

பஸ் படியில் ஒரு காலை வைத்திருந்த கான்ஸ்டன்ஸ் திரும்பிப் பார்த்தாள். கோலா சிலாங்கூரில் மளிகைக்கடை வைத்திருந்த சாகிபுதான் அவள் செய்யும் தேங்காய் நார்க் கால்மிதிகளை வாங்கி விற்பவர். அதிர்ந்து பேசாத மனிதர். அவர் தொப்பி நழுவ ஓடிவருவதைப் பார்த்ததும் அவள் காலைக் கீழே இறக்கினாள்.

"கைத்தொழில் செய்றவங்களுக்கு கவர்மெண்டு உதவி குடுக்குதாம். சாமான் வாங்க, கொட்டாய் போட, எல்லாத்துக்கும். வியாழக்கிழம இங்க ஜில்லா ஆபீசுக்குப் பெரிய அதிகாரி வர்றாரு. செஞ்ச சாமானோட நேர்ல வரணுமாம். நீ போ லா!"

"எங்களுக்குமா பாய்? தோட்டத்து ஆளுங்களுக்கு?"

"கைத்தொழில்னுதான் சொன்னாங்க. தோட்டத்துக் கை, மலாய்க் கம்பத்துக் கைன்னு யாரும் பிரிச்சுச் சொல்லலையே!"

பஸ் போயேவிட்டது. அவள் புக்கிட் பெலிம்பிங் சாலையில் பாதி நடையும் பாதி ஓட்டமுமாகத் தோட்டம் வந்து சேர்ந்தாள்.

அது 1952ஆம் வருஷம், மலாயாவில் வெள்ளைக்கார அரசாங்கம் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம். தோட்டத்து லயங்களை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளை எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காலையில் கேட் திறக்கும், அந்தி சாய்வதற்குள் மூடிவிடும். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, வெளியே போகும் ஒவ்வொருவரையும் உதறிப் பார்த்துத்தான் விடுவார்கள்.

கான்ஸ்டன்ஸின் புருஷன் காப்ரியலுக்குக் கொப்பரைச் சூளையில் வேலை. சூளைக்குப் பக்கத்தில் தேங்காய் மட்டை மலையாய்க் குவிந்து கிடக்கும். ஒருநாள் அவள் வேலை வாங்கும் மண்டோரிடம் கேட்டாள். "எடுத்துக்க, குப்பை கொறையும்" என்றார் அவர். அன்று தொடங்கியது இந்த வேலை. வேலம்மாவும் புஷ்பவள்ளியும் சேர்ந்துகொண்டார்கள். வேலிக்கு வெளியே இருந்த பாரிட்டில், அந்த வாய்க்கால் தண்ணீரில், மட்டையை ஊறவைத்து, அடித்து, நாரை உரித்து, உள்ளங்கையில் வைத்துத் திரிக்க வேண்டும். கை கொப்பளித்துப் போகும். கயிறு திரிக்கிற ராட்டு ஒன்று இருந்தால் போதும், இரண்டு கைகளும் நிமிர்ந்துவிடும். மட்டை ஊறப்போட வேலிக்குள்ளேயே ஒரு குழி இருந்தால் கேட் மூடும் நேரத்துக்குப் பயந்து ஓட வேண்டியதில்லை. இதை எத்தனையோ தடவை பேசிச் சிரித்துவிட்டு விட்டிருக்கிறார்கள். யார் கொடுக்கப் போகிறார்கள் என்று.

"குடுக்கறாங்களாம் டீ!" என்று லயத்து வாசலிலிருந்தே கத்தினாள் கான்ஸ்டன்ஸ்.

மூவரும் அதுவரை செய்யாத அளவில் ஒரு கால்மிதி செய்தார்கள். கனமான பின்னல், ஓரமெல்லாம் சுருட்டித் தைத்தது. ஆற்றோரத்து பாக்காவ் மரப்பட்டையைக் கொதிக்கவைத்துச் சாயமெடுத்து, சிவந்த நாரால் நடுவில் ஒரு மீனை வைத்தாள் கான்ஸ்டன்ஸ். சூளையிலிருந்து வந்த காப்ரியல் அதைப் பார்த்துவிட்டு, "இத மிதிக்க மனசு வருமா?" என்றான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

வியாழக்கிழமை காலை, வேலம்மாவும் அவளும் கேட்டுக்கு வந்தார்கள். காவலுக்கு நின்ற செல்லன் தெரிந்த பையன்தான். ஆனால் அன்று அவன் பக்கத்தில் புதிதாக வந்த மேலதிகாரி நின்றிருந்தார். முந்தின வாரம் யாரோ சைக்கிள் டியூபுக்குள் அரிசி கடத்திப் பிடிபட்டிருந்தான். கால்மிதியின் கனத்தைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. செல்லன் கம்பியால் குத்திப் பார்த்தான். "ஒண்ணுமில்ல சார், நாருதான்" என்றான். அவர் கேட்கவில்லை. அறுத்துப் பார் என்றார்.

"அக்கா, நான் என்ன செய்ய..." என்றபடியே செல்லன் கத்தியை இறக்கினான். மீனின் வயிறு திறந்துகொண்டது. உள்ளே நார், நார், நாரைத் தவிர வேறொன்றுமில்லை.

வேலம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கான்ஸ்டன்ஸுக்குக் கோபம்தான் வந்தது. "பாத்தாச்சா? இனி போலாமா?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை. கால்மிதியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வேலம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "எந்திரி. பையில ஊசி இருக்கு, கயிறு இருக்கு. அழறத வந்து அழலாம்."

ஆபீஸ் தாழ்வாரத்தில் நல்ல கூட்டம். பாய் முடைகிறவர்கள், கூடை பின்னுகிறவர்கள், பறவைக் கூண்டு செய்கிற ஒரு சீனக் கிழவர். கான்ஸ்டன்ஸ் ஒரு மூலையில் கால்மிதியை விரித்து, கயிற்று நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துத் தைக்க ஆரம்பித்தாள். வேலம்மா பக்கத்தில் நார் திரித்துத் திரித்துக் கொடுத்தாள். வேகம் கூடக்கூட வேடிக்கை பார்க்க ஆள் சேர்ந்தது. கூண்டுக்காரர் தன் முறை வந்தும் எழாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே ஆள் வராததால் அதிகாரியே வெளியே வந்தார். வெயிலில் சிவந்த முகம். கூடவே மொழிபெயர்க்க ஆபீஸ் குமாஸ்தா, கிராணி சுப்பிரமணியம்.

"மீனுக்கு என்ன ஆச்சுன்னு கேக்குறாரு" என்றார் கிராணி.

"கேட்டுல அறுத்தாங்க. உள்ள அரிசி இருக்கான்னு."

அதிகாரி குனிந்து, தைத்த இடத்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். அசையவில்லை. நன்றாகக் காலூன்றி இன்னொரு தடவை இழுத்தார். கூட்டம் சிரித்தது, அவரும் சிரித்துவிட்டார்.

"எத்தனை பேர் செய்றீங்கன்னு கேக்குறாரு."

"இப்ப மூணு பேரு. ராட்டு இருந்தா லயத்துல பாதிப் பொம்பளைங்க வருவாங்க."

"ஒரு ராட்டு கொடுக்கலாம்னு சொல்றாரு மா" என்றார் கிராணி, முகமெல்லாம் மலர்ந்து.

கான்ஸ்டன்ஸ் நன்றி சொல்லி எழுந்துவிட வேண்டிய நேரம். அவள் வாயிலிருந்து வந்ததோ வேறு. "மூணு வேணும்னு சொல்லுங்கய்யா. ஒண்ண வச்சா சண்டதான் வரும். அப்புறம் வேலிக்குள்ள மட்டை ஊறப்போட ஒரு குழி. அதுக்குத் தோட்டத்து தொரைகிட்ட அவருதான் சொல்லணும்."

வேலம்மா அவள் தொடையைக் கிள்ளினாள். கிராணி தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி தலையைச் சொறிந்தார், தாழ்வாரத்தின் கோடி வரை போய்த் திரும்பி வந்தார்.

"ரெண்டு இப்ப. வேல நல்லா நடந்தா மூணாவது. குழிக்கு அவரே பேசறாராம்."

வேலம்மா வாய்விட்டு அலறினாள். யாரோ அடித்துவிட்டார்கள் என்று பியூன் ஓடிவந்தான்.

ராட்டுகள் லோரியில் வந்த அன்று எல்லாரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டதால் லயத்தில் யார் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. கொட்டகைக்குக் காப்ரியல் கிடுகு வேய்ந்தான். முதல் இழை சுற்றி முறுக்கேறி ஓடி வந்தபோது புஷ்பவள்ளி அதைப் பிடிக்காமல் கைதட்டிக்கொண்டு நின்றாள். இழை அவிழ்ந்து எல்லார் காலிலும் சுற்றிக்கொண்டது. "பிடி டீ! பிடி!" என்று கான்ஸ்டன்ஸ் கத்தினாள், சிரிப்பில் அவளுக்கே ராட்டைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாவது ராட்டும் வேலிக்குள் குழியும் அடுத்த மழைக்காலத்துக்குள் வந்துவிட்டன.

மறு வருஷம் கோலா குபு பாருவில் இருந்த ஆபீசுகளிலிருந்து அவர்களுக்கு ஆர்டர் வந்தது. சரக்கோடு யார் போவது என்று பேச்சு வந்தபோது கான்ஸ்டன்ஸ் ஏற்கெனவே சேலை மாற்றியிருந்தாள். அதுவரை அவள் கிள்ளானைத் தாண்டியதில்லை. லோரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் கால்மிதிகள் கூரைமுட்ட அடுக்கியிருந்தன. சுங்கை சோவில் ராணுவ வண்டிகளுக்கு வழிவிட்டு ஓரம் கட்டி நிற்கவேண்டி வந்தது. அதற்கப்புறம் சாலையின் இரண்டு பக்கமும் மலை எழும்ப ஆரம்பித்தது. தென்னையும் சேறுமாய்க் கிடந்த ஊர்க்காரிக்கு அத்தனை உயரத்தில் பச்சையைப் பார்த்ததும் மூச்சு நின்றது.

"பயமா இருக்காக்கா?" என்று கேட்டான் டிரைவர். "இந்த ரோட்டுல சுட்டுருக்காங்க."

"இருக்கு" என்றாள் அவள். தலையை வெளியே நீட்டி மலையைப் பார்த்துக்கொண்டே, "கொஞ்சம் வெரசா ஓட்டு தம்பி, ஆபீசு தொறக்கறதுக்குள்ள போயிடணும்" என்றாள்.