ஐந்து பேர் இருந்த மோட்டார் சைக்கிள்

நோர்வேயின் குரோருட்டில் எங்கள் மாடிக்கட்டடத்தின் கீழ், கராஜில் நான் வாங்கிய பழைய மோட்டார் சைக்கிளின் செயினை மண்ணெண்ணெயில் கழுவினேன். மணம் மூக்கில் ஏற, யாழ்ப்பாணத்துக்கே போய்விட்டேன். விமானச்சீட்டுக் காசு மிச்சம்.

சண்டைக் காலம், பெற்றோல் கிடையாது. அப்பா இதேமாதிரி வண்டியின் கார்புரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் சொட்டவிட்டு உதைத்து ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார். சீற்றுக்குப் பின்னால் ஒரு பலகையும் பூட்டியிருந்தார். டாங்கின் மேல் நான், எனக்குப் பின்னால் அப்பா, அம்மா, பலகையில் அக்காமார் இருவர். கண்டால் அம்மாவின் தம்பி, மாமா, பகிடி பண்ணாமல் விடமாட்டார்.

"அத்தான், இது மோட்டச்சைக்கிளோ, வள்ளமோ?"

"வள்ளமெண்டாலும் கரை சேர்க்கும். நீ நடந்து வாடாப்பா!"

அந்த ஐந்து பேரில் இன்று உயிரோடு இருப்பது நான் மட்டும்.

பக்கத்து வீட்டு ஆர்னே பழைய வண்டிப் பைத்தியம். ஒரு ஆணியைக்கூட மாற்றாதே, கம்பனி செய்தபடி இருந்தால்தான் மதிப்பு என்று தலைபாடாய் அடித்துச் சொன்னவர். ஐந்தாம் வகுப்போடு நின்று பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றியவன் நான். எனக்கு அது ஏறவில்லை. நான் அறிந்த ஒரிஜினலில் பலகை இருந்தது.

நானும் ஒரு பலகையைப் பூட்டிவிட்டேன். ஆர்னே வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். அவருடைய நோர்வேஜியம் என் காதில் எங்கள் ஊர்த் தமிழாகத்தான் விழுந்தது.

"கெடுத்துப்போட்டாய். சரி, இதிலை ஆர் இருக்கப்போகினம்?"

நான் குனிந்து, துடைத்த பலகையைத் திரும்பவும் துடைத்தேன்.