தூசியக்காவின் வெளிச்சம்

வேலை முடிந்து வீடு வந்ததும், செருப்பைக் கழற்றும் முன்பே சன்னல் விளிம்பில் விரலை இழுத்துப் பார்ப்பார் தூசியக்கா. விரல் சாம்பல் பூத்துவிட்டால் போதும், "ஏங்க, இது வீடா, விண்மீன் மேகமா? இன்னும் நாலு நாள் விட்டா சோபாவுல ஒரு நட்சத்திரம் பொறந்துடும்!" என்று குரல் உள்ளே பாயும். "பொறந்தா நீயே பேர் வை," என்பார் கணவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். அக்காவை வண்டியில் கொண்டுவந்து விடும் நான் வாசலிலேயே சிரித்துக்கொள்வேன்.

ஏனென்றால், தூசியின் புகழ் பாடித்தான் அவர் சம்பளமே வாங்குகிறார். கோளரங்கத்தில் அவர் விளக்கவுரையாளர். நான் அங்கே படக்கருவியும் ஒலியும் இயக்குபவன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி, அதுவும் இயற்பியல் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நான் வேலையில் சேர்ந்த அன்று அவர் சொன்ன வரவேற்புரை: "படிச்ச புள்ளையா? சந்தோஷம் தம்பி. துணி எடுத்துட்டு எதையும் தொடைக்கக் கிளம்பிடாதே."

அரங்கை இருட்டாக்கி, டார்ச்சை அடித்து, கரும்பலகை டஸ்டரை அந்த ஒளியில் ஓங்கித் தட்டுவதுதான் அவருடைய பாடம். பறக்கும் தூசியில் ஒளியின் பாதை பளிச்சென்று தெரிய, பிள்ளைகள் வாய்பிளப்பார்கள். புதிதாக வந்த மேலாளர் மட்டும் மூக்கைப் பொத்தினார். டஸ்டரைப் பிடுங்கி வைத்தார். அரங்கு முழுக்க மெஷின் வைத்துத் தூசியை உறிஞ்சவைத்தார். "குரல் பதிவு தயாரா இருக்கும்மா. இன்னிக்கு நீங்க பேசுறதக் கேட்டுட்டு, அதுவா நீங்களான்னு முடிவு பண்றேன்," என்று முன்வரிசையில் அமர்ந்தார்.

அக்கா டார்ச்சை அடித்தார். எதிர்ச்சுவரில் ஒரு வட்டம் விழுந்தது. ஒளி போன வழியைக் காணோம்.

"ஒண்ணுமே தெரியலையே மிஸ்!" என்றது ஒரு பின்வரிசைக் குரல். அரங்கமே கொல்லென்று சிரித்தது. பதிவை ஓடவிடச் சொல்லி மேலாளர் என் பக்கம் கையை உயர்த்தினார்.

"சார், கொஞ்சம் எந்திரிங்க."

எழுந்தார். அவர் இருக்கை மெத்தையில் அக்கா விட்டார் ஓர் அறை. மெஷினுக்குச் சிக்காத ஆண்டுகள் அத்தனையும் புகையாய்க் கிளம்பி, டார்ச் ஒளியில் மின்னின.

"பாத்துக்குங்க! விண்மீன் மேகத்துல தூசி இருக்கறதாலதான் அதோட சூடு வெளிய போகுது. சூடு தணிஞ்சாத்தான் மேகம் சுருங்கும், சுருங்கினாத்தான் நட்சத்திரம். மிச்சத் தூசி நட்சத்திரத்தச் சுத்திச் சுத்தி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, கோளா..."

"என் ஒருத்தன் சீட்லயா இவ்வளவு?" என்று மேலாளர் தும்மினார்.

"பெரிய பதவி சார்."

அதற்குள் தூசி படிந்து, ஒளி மறுபடி வெறுமையானது. "கோள் வரலையே மிஸ்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். மேலாளர் மறுபடி கை காட்டுவாரென்று பதிவுப் பொத்தானில் விரலோடு காத்திருந்தேன். அவரோ மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, பக்கத்து இருக்கையை இரண்டு கையாலும் அறைய ஆரம்பித்தார்.

டார்ச்சின் பின்முனையால் அவர் தோளை மெல்ல ஒதுக்கினார் அக்கா.

"தள்ளி நின்னு தட்டுங்க சார், மறைக்குது."