அமிலம் விடாத பாட்டில்

குளத்துத் தண்ணீரில் பாதரசம் இல்லை என்று எங்கள் ஊர் நம்புகிறது. நம்ப வைத்தவள் நான். நான் கொடுத்தது பொய்த் தண்ணீர்.

பாதரசம் இருந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு மறைத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படியிருந்தால் இவ்வளவு பயம் இருந்திருக்காது. இருந்ததா, இல்லையா... அதுவே எனக்குத் தெரியாது! யாருக்கும் தெரியாமற்போகும்படி செய்தவள் நான். அதுதான் என் குற்றம்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். தேனியில் தண்ணீர் பரிசோதிக்கும் லேப் ஒன்றில் சாம்பிள் எடுப்பவள் நான். சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்து மருந்து கலந்து ஓடும் ஓடை, சாயம் இறங்கிய சாக்கடை, ஆற்றில் கழிவுக் குழாய் விழும் இடம்... எங்கே தண்ணீர்மேல் சந்தேகம் வருகிறதோ அங்கே பாட்டிலோடு இறங்குவேன். வீடு ராயப்பன்பட்டியில். அங்கிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன்.

மற்ற நஞ்சுகளைப் போன்றதல்ல பாதரசம். சரியான கள்ளன்! வெறும் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்தால் பாட்டிலின் உட்சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். மிச்சம் காற்றோடு போய்விடும். லேபுக்கு வந்து சேர்வதற்குள் தண்ணீர் நல்ல தண்ணீர் வேஷம் போட்டுவிடும். அதனால் அமிலத்தில் கழுவிய கண்ணாடி பாட்டிலில் பிடிக்க வேண்டும். பிடித்த இடத்திலேயே கொஞ்சம் அமிலம் விட வேண்டும். அப்போதுதான் அது தண்ணீரில் தங்கும். வேலைக்குச் சேர்ந்த அன்றே, லேபை நடத்தும் சார் சொல்லித் தந்த பாடம் இது.

எங்கள் ஊர்க் குளத்துக்கு வரும் வாய்க்கால் கரையில் ஒரு கொட்டகை உண்டு. நகைப் பட்டறைகளில் கூட்டிப் பெருக்கிய மண்ணை வாங்கிவந்து, பாதரசம் போட்டுப் பிசைந்து, அதிலிருந்து தங்கத் துகளைப் பிரித்தெடுப்பார்கள். கழுவிய தண்ணீர் ஒரு குழாய் வழியாக வாய்க்காலில் விழும். பல காலமாக விழுந்துகொண்டுதான் இருந்தது, யாரும் கேட்கவில்லை.

ஒரு வருஷம் அறுப்பு முடிந்த வயலில் மேய வந்த வாத்துகள் அந்த வாய்க்காலில் இறங்கின. சில நாளில் அவை தள்ளாடத் தொடங்கின. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, கால் பின்னி, வரப்பிலிருந்து உருண்டு விழுந்தன. நான் போய்ப் பார்த்தேன். முதலில் சிரிப்புத்தான் வந்தது.

குளத்தை மீனுக்குக் குத்தகை எடுத்தவர்களுக்குப் பயம் பிடித்துவிட்டது. ஊர்க் கூட்டத்தில் பேசி, எங்கள் லேபுக்கே வந்தார்கள். குளத்துத் தண்ணீரை எடுத்துவரும் வேலை எனக்கு வந்தது.

அந்த வேலையும் என் தங்கை அமலியின் வளைகாப்பும் ஒன்றாக வந்து சேர்ந்தன. வளைகாப்பு அடுத்த தெருவில், அவள் மாமியார் வீட்டில். அது முடிந்ததும் பிரசவத்துக்காக அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். முந்தின நாளே, நான் லேபில் இருந்தபோது, அம்மா போனில் கூப்பிட்டார்.

"ஏத்தா ரோஸு, அந்த ஆசிட்டுப் பெட்டிய இங்கன கொண்டாந்துறாத. வயித்துப்பிள்ளைக்காரி வார வீடு. அது நெடி பட்டாலே ஆகாது."

எனக்கும் அது சரியென்றே பட்டது! என் தங்கை... அவள் வயிற்றில் பிள்ளை... பக்கத்தில் அமிலத்தை வைப்பார்களா? பெட்டியை லேபிலேயே வைத்துவிட்டு வந்தேன். கண்ணாடி பாட்டிலும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. அவளைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பில் இதைச் செய்தேன் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்தில் இறங்கினேன். முந்தின நாள் பஸ்ஸில் குடித்து முடித்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலில் குளத்துத் தண்ணீரைப் பிடித்தேன். தப்பு என்று தெரியும். சாரிடம் உண்மையைச் சொல்லி இன்னொரு நாள் சரியாக எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று மனத்துக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு போய் அமலியின் கையில் வளையல் பூட்டினேன், கன்னத்தில் சந்தனம் தடவினேன். அவள் வெட்கப்பட்டாள்.

லேபுக்குப் போனபோது சார் கோபத்தில் இருந்தார். பாட்டிலைச் சரியாகக் கழுவாமல் கொண்டுவந்த ஒருவனை அன்று காலைதான் வேலையைவிட்டு அனுப்பியிருந்தார். பின்பக்கம் போய், பிளாஸ்டிக் பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றினேன். அதற்குமேல் அமிலத்தை விட்டேன். பழைய பாட்டிலைக் குப்பைக்கூடையில் போட்டேன். பாதரசம் என்று ஒன்று இருந்திருந்தால், அது அந்தப் பாட்டிலின் சுவரோடு ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போயிருக்கும்.

"ஏம்மா ரோஸு, எடுத்த இடத்துலயே ஆசிட் விட்டுட்டேல்ல?" என்று கேட்டார் சார்.

"விட்டுட்டேன் சார்."

அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை! ஒரு முறை முறைத்துப் பார்த்திருந்தால் அழுது உண்மையைச் சொல்லியிருப்பேனோ... இப்படி அவர்மேல் பழியைத் தள்ளுவதும் என் கள்ளத்தனம்தான்.

முடிவு வந்தது. பாதரசம் கண்டறியப்படவில்லை. ஊரில் வெடி போடாத குறை. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "நம்ம ஊருப் பிள்ள எடுத்த தண்ணி, அதுல பொய் இருக்குமா?" என்றாராம். அம்மா அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வாத்துகளுக்கு ஏதோ நோய் என்று முடிவாயிற்று. குளத்தில் வலை விழுந்தது.

அடுத்து தவக்காலம் வந்தது. எங்கள் ஊரில் ஈஸ்டர்வரை இறைச்சி எடுக்காத குடும்பங்கள் நிறைய. சிலர் மீனையும் விடுவார்கள். எங்கள் வீட்டில் மீன் உண்டு. வெள்ளிக்கிழமை என்றால் மீன்குழம்புதான். அந்த வருஷம் குளத்து மீன்... அதிலும் விரால்! வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு விரால்தான் தெம்பு என்று மாப்பிள்ளை தேடித் தேடி வாங்கிவந்தார்.

விரால் சின்ன மீன்களைத் தின்று வளர்வது. சேற்றில் கிடக்கும் பாதரசம் பூச்சிக்கும், பூச்சியிலிருந்து சின்ன மீனுக்கும், அதிலிருந்து விராலுக்கும் கூடிக் கூடிப் போகும். அதைத் தின்னும் தாயிடமிருந்து வயிற்றில் இருக்கும் பிள்ளையின் மூளைக்குப் போகும். இது எங்கள் வீட்டில் எனக்கு மட்டும் தெரியும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நான் அந்த மீனைத் தொடவில்லை.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். அமிலம் விடாதது பிழை. சாரிடம் சொன்னது பொய். ஆனால் மீன் துண்டை என் தட்டிலிருந்து ஒதுக்கினேனே... அதற்கு என்ன பெயர் வைப்பது? எனக்குச் சந்தேகம் இருந்தது. என் உயிரைக் காத்துக்கொண்டேன். எதிரே உட்கார்ந்து என் தங்கை முள்ளெடுத்து முள்ளெடுத்துச் சாப்பிட்டாள்.

"ஏன்க்கா மீனத் தொட மாட்டேங்கிற?"

"தவக்காலம்ல... மீனையும் விட்டுட்டேன்டி. நேர்ச்சை."

"பாரேன், என் மூத்தவளுக்குப் பக்தி கூடிப்போச்சு!" என்றார் அம்மா. நான் ஒதுக்கிய துண்டையும் எடுத்து அமலியின் தட்டில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தத் தவக்காலம் முழுவதும் வெள்ளிக்கிழமைதோறும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலுக்குப் போனேன். முழங்காலிட்டு, "வேலை செய்யிற இடத்துல ஒரு பொய் சொன்னேன் சாமி" என்றேன்.

"அதனால யாருக்கும் கெடுதல் வந்துச்சா?" என்று சாமியார் கேட்டார்.

"இல்ல சாமி."

அவர் சொன்ன செபங்களைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். மன்னிப்பு கிடைத்தது... ஆனால் அது நான் சொல்லாத பாவத்துக்குக் கிடைத்ததல்லவே! கோயிலுக்குள் போனபோது இருந்ததைவிடப் பாரம் கூடித்தான் வெளியே வந்தேன்.

பிள்ளை பிறந்தான். இனிகோ. நல்ல நிறை, நல்ல அழுகை. எல்லாரும் சிரித்தார்கள். நான் அவன் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிப் பார்த்தேன். அன்றிலிருந்து அவனை நான் கொஞ்சியதே இல்லை, சோதித்துக்கொண்டே இருக்கிறேன். பின்னால் நின்று கை தட்டுவேன். திரும்பிப் பார்த்தால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரும். கிலுகிலுப்பையை இடமும் வலமும் ஆட்டிக் கண் போகிறதா என்று பார்ப்பேன். அமலி நினைக்கிறாள், பெரியம்மாவுக்கு அவன்மேல் உயிர் என்று.

அவன் நடக்கத் தொடங்கியபோது வீடே கொண்டாடியது. தள்ளாடித் தள்ளாடி என்னை நோக்கி வந்தான். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் நடக்கும்! எனக்குத் தெரியாதா? ஆனாலும் எனக்கு வாத்துகள்தான் தெரிந்தன. கையை நீட்டி அவனைப் பிடிக்காமல் எழுந்து உள்ளே போய்விட்டேன். அவன் விழுந்து அழுதான்.

இரண்டு வயது ஆகப்போகிறது, இன்னும் அவனுக்குப் பேச்சு வரவில்லை. 'ம்மா' என்ற ஒலி மட்டும் உண்டு. சில பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் வரும் என்கிறார் டாக்டர். ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்கிறார் அம்மா. அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். இருக்கட்டும்... இருக்கட்டும் ஆண்டவரே!

வேளாங்கண்ணிக்குப் போய் அவனுக்கு முதல் முடி எடுத்தோம். தாயின் வயிற்றிலேயே வளர்ந்த முடி. கீழே விழுந்ததில் ஒரு பிடியை எடுத்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"எதுக்குக்கா முடி?" என்றாள் அமலி.

"மாதாவுக்கு ஒரு நேர்ச்சை" என்றேன். எனக்கு நேர்ச்சை என்ற சொல்லே பொய்யாகிவிட்டது.

முடிக்கு அமிலம் தேவையில்லை. உடம்பில் ஓடிய பாதரசத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். எத்தனை நாளானாலும் விடாது. பாட்டிலை ஏமாற்றிய மாதிரி அதை ஏமாற்ற முடியாது. லேபில் கொடுத்தால் உண்மை தெரிந்துவிடும். தினமும் அந்தப் பையோடுதான் வேலைக்குப் போகிறேன். தினமும் அதை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறேன். ஒன்றும் இல்லை என்று வந்தால் நான் பிழைத்தேன். வேறு மாதிரி வந்தால்... அந்தக் காகிதத்தை அமலியின் கையில் யார் கொடுப்பது?

குளத்துத் தண்ணீரையாவது மறுபடி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. இரண்டாவது பாட்டில் முதல் பாட்டிலைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம். கொட்டகைக் குழாய் இன்றும் வாய்க்காலில் விழுந்துகொண்டிருக்கிறது.

இப்போது மறுபடி தவக்காலம். இன்று வெள்ளிக்கிழமை, எனக்கு லீவு. கொஞ்ச நேரத்துக்கு முன் அமலி போன் செய்தாள்.

"அக்கா, ஒரு சேதி. அம்மாட்டகூட இன்னும் சொல்லல. எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. நேத்துத்தான் ஆஸ்பத்திரில பாத்துச் சொன்னாக."

அவள் பேசிக்கொண்டே போனாள்.

"அவுக காலையிலயே போயி குளத்து விரால் வாங்கிட்டு வந்துட்டாக. குழம்பு கொதிக்குது. வாக்கா, சேந்து சாப்பிடுவோம்."

"அமலி... அந்த மீனு வேணாம்டி."

"ஏன்க்கா?"

சொல்லியிருக்கலாம். அடுத்த தெருதான், போன்தான், ஒரே ஒரு வாக்கியம்தான்! வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சிரித்துவிட்டாள்.

"நீ பாத்துச் சொன்ன தண்ணிதானக்கா! உன் தண்ணி மேல உனக்கே நம்பிக்கை இல்லயா?"

"இருக்குடி" என்றேன்.

"அப்ப வா. நீ வந்தபெறகுதான் நான் தட்டுல கை வைப்பேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவளிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முகம் தெரியாத உங்களிடம் எவ்வளவு சுலபமாக வருகிறது, பார்த்தீர்களா! செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனேன். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். கைப்பை மடியில் இருக்கிறது. அடுத்த தெருவில் என் தங்கை எனக்காகக் காத்திருக்கிறாள். அவள் பசி தாங்காதவள். ரொம்ப நேரம் காத்திருக்க மாட்டாள்.